மாவேலியை நான் தூக்க மாட்டேன்

மாவேலி மன்னர் என் வண்டிக்கு முன்னால் நின்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

தலையில் ஜிகினாக் கிரீடம். மேலுதட்டில் பசை போட்டு ஒட்டிய மீசை, இடது பக்கம் லேசாகக் கழன்றிருந்தது. இடுப்பில் பட்டு, கையில் ஓலைக்குடை. காலடியில் சரக்கு அடுக்கும் ஒரு மரப் பேலட். அந்தப் பேலட்டுக்கு அடியில் என் ஃபோர்க்லிஃப்டின் ஃபோர்க், அதாவது இரண்டு இரும்புக் கைகளும் நுழைந்து தயாராகக் கிடந்தன.

"நாலடி மட்டும் தூக்கு ரோஸ்லினே. அதுக்கு மேல வேண்டா," என்றார் மன்னர்.

"மாட்டேன் சார்," என்றேன்.

மாவேலி என்றால் நம் மகாபலிதான்; மூன்றடி கேட்டு வந்தவனுக்கு இல்லை என்று சொல்லத் தெரியாமல் பாதாளத்துக்குப் போனவர் அவர். ஆண்டுக்கு ஒருமுறை ஓணத்துக்கு மேலே வந்து ஜனங்களைப் பார்த்துவிட்டுப் போகிறார். அப்படிப்பட்டவர் வாயைத் திறந்து நாலடி கேட்கிறார், நான் இல்லை என்கிறேன். இதற்கு எனக்கு எந்தப் பாதாளம் கிடைக்குமோ என்று உள்ளுக்குள் உதறத்தான் செய்தது.

ஏனென்றால் அந்தக் கிரீடத்துக்குக் கீழே இருந்தது எங்கள் குடோன் மேனேஜர் ஹரிகுமார் சாருடைய தலை. என் ஆறு மாதத் தற்காலிக வேலை அந்த மாதத்தோடு முடிகிறது. நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான்.

பீப்பி சேச்சி

சென்ற வாரம் என் பாதுகாப்புக் காலணியைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு என் வீட்டுக்காரர் செல்வராஜ் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஆண்களுக்கான ஏழாம் நம்பர் ஷூவுக்குள் பழைய துணியைத் திணித்துப் போட்டுக்கொண்டு நான் நடந்த நடையை வீட்டில் அவர் நடித்துக் காட்டியதை எழுதியிருந்தேன். இந்த வாரம் அவரைப் பற்றி ஒன்றும் இல்லை. நிம்மதியாகப் படிக்கலாம்.

புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். திருவனந்தபுரத்தில் பைபாஸை ஒட்டி ஒரு டைல்ஸ் குடோன். தரை டைல்ஸ், சுவர் டைல்ஸ், வாஷ்பேசின், கக்கூஸ் கோப்பை என்று ஒரு வீட்டில் மனிதர்கள் மிதிக்கும், கழுவும், உட்காரும் அத்தனையும் அங்கே மலையாக அடுக்கியிருக்கும். அவற்றைத் தூக்கி வைப்பதும் இறக்கித் தருவதும் என் வேலை. பாறசாலைப் பக்கத்திலிருந்து காலை பாசஞ்சர் ரயிலில் வந்து இறங்குவேன்.

என் வண்டி பேட்டரியில் ஓடுவது. நான் அதற்கு அம்மிணி என்று பேர் வைத்திருக்கிறேன். அம்மிணிக்குப் பின்சக்கரம்தான் திரும்பும். முன்னால் கண்ணியமாகப் போய்க்கொண்டிருப்பாள். திரும்பும்போது பின்பக்கம் ஒரு வீச்சு வீசும் பாருங்கள், பக்கத்தில் நிற்பவன் இடுப்பு போய்விடும். கார் ஓட்டத் தெரிந்தவர்கள் இதில் ஏறியதும் முதலில் இடிப்பது எப்போதும் பின்பக்கத்தால்தான்.

தினமும் காலையில் ஏறுவதற்கு முன்னால் அவளைச் சுற்றி வருவேன். டயர், சங்கிலி, எண்ணெய்க் கசிவு, பிரேக், ஹாரன், பெல்ட். ஒவ்வொன்றாகப் பார்த்து ஒரு தாளில் டிக் போட வேண்டும். "கோவில் சுத்துத மாதிரி சுத்துதியளே, நீங்க சர்ச்சுக்குல்லா போவீய?" என்று திருநெல்வேலிக்கார லோடிங் பையன்கள் கேட்பார்கள். சுற்றினால் நல்லது நடக்கும் என்றால் எதைச் சுற்றினால் என்ன என்பேன்.

ஒவ்வொரு முக்கிலும் ஹாரன் அடிப்பேன். அடுக்குகளுக்கு நடுவே யார் எந்தச் சந்திலிருந்து போனைப் பார்த்துக்கொண்டு வருவார்கள் என்று சொல்லவே முடியாது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வாஷ்பேசின் அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் கண்ணயர்கிறவர்களுக்கு என் ஹாரன் பிடிக்காது. அவர்கள் வைத்த பெயர்தான் பீப்பி சேச்சி, அதாவது பீப்பி அக்கா. இன்றுவரை அதுதான் என் பெயர்.

பலகையில் நாலாவது வரி

குடோன் வாசலில் ஒரு பெரிய மஞ்சள் பலகை உண்டு. ஃபோர்க்லிஃப்ட் ஓடும் இடத்தில் என்னென்ன செய்யக்கூடாது என்று மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் எழுதியிருக்கும். தூக்கிய சுமைக்கு அடியில் நிற்காதே. வண்டியின் ஓரத்தில் தொற்றிக்கொண்டு போகாதே. ஃபோர்க்கின் மேல் ஆளை ஏற்றாதே. அடியில் பாதுகாப்புப் பொறுப்பாளர் என்று ஹரிகுமார் சாரின் கையெழுத்து.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே சாரிடம் போய் நின்றேன். "சார், இங்க பாதிப் பேரு தமிழு. தமிழ்ல ஒரு வரி போடப்படாதா?"

"நீ தன்னே எழுதிக்கோ," என்று ஒரு கறுப்புப் பெயிண்ட் டப்பாவைக் கொடுத்துவிட்டார்.

எல்லாவற்றையும் எழுத இடமில்லை. ஒரே ஒரு வரிக்குத்தான் இடம் இருந்தது. நான் யோசிக்கவே இல்லை. 'ஃபோர்க்கின் மேல் ஆளை ஏற்றாதே' என்பதை எழுதினேன். பெயிண்டர் வீட்டில் குடும்பம் நடத்துகிறேன், எழுத்து கொஞ்சம் அழகாகவே வந்தது.

அத்தனை விதிகள் இருக்க அந்த ஒன்றை ஏன் எழுதினாய் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அன்றைக்குச் சொல்லியிருக்க மாட்டேன்.

பிஜுவின் பாதாளம்

பிஜு எங்கள் லோடிங் ஆட்களுக்குத் தலைவன். ஓணக் கமிட்டிக்கும் அவனே தலைவன். கயிறிழுக்கும் வடம்வலிக்கு யார், பாயசத்துக்கு யார், பூவால் கோலம் போடும் பூக்களத்துக்கு யார் என்று ஒரு மாதம் முன்பே எல்லாம் அவன் தலைக்குள் ஓடும். என் வண்டியின் ஓரத்தில் தொற்றிக்கொண்டு பாட்டுப் பாடுவதும் அவன்தான். அவன் தொற்றினால் நான் வண்டியை அணைத்துவிடுவேன். அவன் பாட்டை முடித்துவிட்டு இறங்குவான். பிறகுதான் கிளப்புவேன். இப்படியே எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம் ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் குடோனின் தரை வெளி முற்றத்தைவிட நாலடி உயரம். லாரி வந்து நின்றால் லாரியின் தளமும் குடோன் தளமும் ஒரே மட்டமாக இருக்க வேண்டும் என்பதற்காக அப்படிக் கட்டியிருக்கிறார்கள். இந்த நாலடிதான் பிஜுவின் கண்ணில் பட்டுவிட்டது.

"சேச்சி, ஒண்ணு ஆலோசிச்சுப் பாரு," என்றான். "மேலே எல்லாரும் பூக்களம் சுத்தி நிக்கும். கீழே முற்றத்தில யாரும் காணாதே நீ சாரைப் பேலட்டில நிறுத்தி மெல்ல மெல்ல மேலே பொக்குது. முதல்ல குடை வரும். பின்னே கிரீடம். பின்னே மீசை. பின்னே சாரோட வயறு. பாதாளத்திலேந்து மாவேலி! அடிபொளி அல்லே?"

உண்மையைச் சொன்னால் எனக்கும் புல்லரித்தது. இவ்வளவு நல்ல யோசனை எங்கள் குடோனில் யாருக்கும் அதுவரை வந்ததில்லை. வயிற்றுக்குத் தலையணை வைக்காமல் மாவேலி வேஷம் போடக்கூடிய மேனேஜர் எத்தனை கம்பெனிக்கு வாய்க்கும்?

"நல்லாத்தான் இருக்கு. ஆனா நடக்காது," என்றேன்.

"எந்தா?"

நான் மஞ்சள் பலகையைக் காட்டினேன். அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். நேரே சாரிடம் போயிருக்கிறான். சார் குடியிருக்கும் தெருவில் வருஷாவருஷம் அவர்தான் மாவேலி. கையை வீசி நடந்து வந்து நடந்து போகிற மாவேலி. இப்படி ஒரு எழுச்சி அவர் கனவிலும் கண்டிராதது. கேட்டதும் அவருடைய முகம் எப்படி மலர்ந்திருக்கும் என்று என்னால் இப்போதும் நினைத்துப் பார்க்க முடிகிறது.

பலகையில் இருந்தது அவருடைய கையெழுத்துதான். ஆனால் கிரீடம் வைத்த பிறகு யாருக்குக் கையெழுத்தெல்லாம் ஞாபகம் இருக்கிறது!

நிறுத்துப் பார்த்த மன்னர்

ஆகவே நான் மாட்டேன் என்றேன். அவர் நாலடி என்றார். மேலே ஊழியர்களின் குடும்பமெல்லாம் வந்து விளிம்புக்கு உள்ளே தள்ளிக் கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தது. சரிகைக் கரை போட்ட கசவுச் சேலைகளும் பூ வாசமும் சாம்பார் வாசமுமாகக் குடோனே அடையாளம் தெரியாமல் மாறியிருந்தது. கீழே முற்றத்தில் நாங்கள் மூன்று பேர்தான்: சார், பிஜு, நான்.

நேருக்கு நேர் எதிர்த்தால் வேலை போகும். எனக்கு ஒரு குறும்பு தோன்றியது.

"சார், ஏத்துத சாமானுக்கு எடை தெரியணும்லா? அது இல்லாம எப்படித் தூக்குதது?"

முற்றத்து ஓரத்தில் சரக்கு நிறுக்கும் மேடைத் தராசு இருக்கிறது. அதில் ஏறச் சொன்னால் மனிதர் வெட்கப்பட்டு விட்டுவிடுவார் என்று நினைத்தேன். தொந்தி உள்ளவர்களைப் பற்றி எனக்கு இருந்த அபிப்பிராயம் அவ்வளவுதான். சாரோ குடையைப் பிஜுவிடம் கொடுத்துவிட்டு, மாலையைச் சரிசெய்துகொண்டு, சிம்மாசனம் ஏறுவது போல ஏறினார். எண் ஓடி நின்றது. மூன்று இலக்கம்.

"கிரீடத்தோட அல்லே," என்றார் பெருமையாக.

"சேச்சி, நம்ம அம்மிணி ஒண்ணரை டன் பொக்கும்," என்றான் பிஜு. "சார் அதில எந்தா? ஒரு மூலைக்கு வராது."

என் வாயாலேயே நான் மாட்டிக்கொண்டேன். எடைதான் தடை என்பது போலப் பேசிவிட்டேன். இப்போது எடை பிரச்சினையே இல்லை என்று தராசே சாட்சி சொல்லிவிட்டது.

பிஜு அதோடு விடவில்லை. சாரின் எடைக்குச் சமமாக டைல்ஸ் பெட்டிகளைப் பேலட்டில் அடுக்கினான். "இதைத் தூக்கிக் காட்டு. ஆடினா வேண்டா. ஆடலேன்னா சார் மேலே கேறும்." அடுக்கிய பெட்டிகளின் உச்சியில் சாரின் கிரீடத்தைக் கழற்றி வைத்தான்.

டைல்ஸைத் தூக்க மாட்டேன் என்று சொல்ல எனக்கு என்ன நியாயம் இருக்கிறது? அதற்குத்தானே இருக்கிறேன். ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டேன். ஹாரன் அடித்தேன். லீவரை மெல்ல இழுத்தேன்.

அம்மிணி அன்றைக்கு என் பக்கம் இல்லை. அப்படி ஒரு பூப்போன்ற தூக்கலை அவள் அதற்கு முன் தூக்கியதே கிடையாது. ஒரு உலுக்கல் இல்லை, ஒரு கிரீச் இல்லை. மேலே நின்றவர்களின் கண்ணுக்குக் கிரீடம் மட்டும் மெல்ல எழும்புவது தெரிந்திருக்கிறது. "ஆர்ப்போ..." என்று ஒருவர் கூவினார். "இர்ரோ! இர்ரோ!" என்று மொத்தக் கூட்டமும் பதில் கூவியது. யாரோ பூவை வேறு எறிந்தார்கள்.

கிரீடத்துக்குக் கீழே மீசை வரவில்லை. 'கவனம், உடையும் பொருள்' என்று எழுதிய அட்டைப்பெட்டிதான் வந்தது. கூவல் பாதியில் நின்றது. பிறகு சிரிப்பு. நான் இறக்கிவிட்டேன்.

டைல்ஸ் கையாட்டாது

"கண்டோ? ஒரு ஆட்டம், ஒரு அனக்கம் இல்லை," என்றான் பிஜு.

"டைல்ஸ் கையாட்டாது," என்றேன்.

"எந்தா?"

"டைல்ஸ் வச்சா வச்ச இடத்துல இருக்கும் பிஜு. யாரையும் எட்டிப் பாக்காது. மாவேலி கையாட்டுவாரு. பிள்ளையள் கூப்பிட்டா குனிவாரு. அங்கதான் ஆபத்து."

சாருக்கு இப்போது லேசாகக் கோபம். கிரீடத்தை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். "நான் ஆட மாட்டேன். பிரதிமை போல நிக்கும். போதுமா ரோஸ்லினே? ஒரு வருஷத்தில ஒரு நாள். நீ எந்துக்கு இப்படி?"

"சேச்சிக்குப் பயமாணெங்கில் வேண்டா. நான் வண்டி எடுக்கும்," என்றான் பிஜு. அவன் சட்டைப்பையிலிருந்து சாவி வெளியே வந்தது. ஆபீஸ் மேசையிலிருந்த மாற்றுச் சாவி. முன்னேற்பாடு எல்லாம் பலமாகத்தான் இருந்தது. பிஜுவுக்கு அம்மிணியை நகர்த்தத் தெரியும். நகர்த்த மட்டும்தான் தெரியும்.

அப்போதுதான் எனக்கு விஷயத்தின் முழு ரூபமும் விளங்கியது. நான் மாட்டேன் என்று ஒதுங்கினால் சார் தப்பிக்கப் போவதில்லை. என்னைவிட மோசமான கையில் போய் ஏறுவார். வீம்பு போதாது. குறும்பும் போதாது.

பிஜு டைல்ஸ் பெட்டிகளை இறக்கி வைத்ததும் சார் பேலட்டில் ஏறி நின்றார். ஃபோர்க் தரையோடு தரையாகத்தான் கிடந்தது. பேலட்டின் உயரம் ஒரு சாண்கூட இருக்காது.

அந்த நேரம் பார்த்துக் கயிற்றுக்கு அடியில் நுழைந்து இரண்டு வாண்டுகள் மேலே குடோன் மேடையின் விளிம்புக்கு வந்துவிட்டன. எட்டிப் பார்த்து, "மாவேலி! மாவேலி!" என்று கத்தின.

சிலைபோல் நிற்பேன் என்ற பிரதிமை கையைத் தூக்கியது. தூக்கியதோடு நிற்கவில்லை. முகமெல்லாம் சிரிப்பாக, ஓலைக்குடையை ஆட்டிக்கொண்டு, குழந்தைகளைப் பார்த்து ஓர் எட்டு முன்னால் வைத்தது. அங்கே பேலட் இல்லை. ஒரு கால் தரையில் தடாலென்று விழ, குடை ஒரு பக்கமும் மீசை ஒரு பக்கமுமாகச் சார் தடுமாறி அம்மிணியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஒன்றும் ஆகவில்லை. ஒரு சாண்தானே. சார் சிரித்தார், பிஜு சிரித்தான், மேலே வாண்டுகள் விழுந்து விழுந்து சிரித்தன. நான் மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து, சாரின் காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் இல்லை என்று அவர் சொன்ன பிறகும் விடவில்லை.

சார் என் முகத்தைப் பார்த்துவிட்டார். "எந்தா ரோஸ்லின்? என்னாச்சு?" என்று கேட்டார். குரலில் கோபம் போயிருந்தது.

சாலையில் ஒரு டியூப் லைட்

வீட்டுக்காரருக்குக்கூட நான் சொல்லியிராத ஒன்றை, பசை கழன்ற மீசையைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற மாவேலியிடம் சொன்னேன்.

சான்றிதழ் எல்லாம் வாங்குவதற்கு முன்னால், இதே ஊரில் சாலை என்று பேருள்ள கடைத்தெருவில் ஒரு ஹார்டுவேர் மொத்தக் கடையின் குடோனில் நான் ஆணி, போல்ட் தரம் பிரிக்கும் வேலையில் இருந்தேன். அங்கே ஒரு பழைய டீசல் ஃபோர்க்லிஃப்ட் இருந்தது. அதை ஓட்டியவர் மணியன் அண்ணன். வேலை குறைவான மதியங்களில் எனக்கு ஓட்டச் சொல்லித் தருவார். முதலாளிக்குத் தெரியாது.

ஒரு நாள் டியூப் லைட் ஒன்று போய்விட்டது. ஏணி பக்கத்திலேயே கிடந்தது, ஆனால் அதைச் சார்த்த வேண்டுமென்றால் பத்து மூட்டையை நகர்த்த வேண்டும். "நீ என்னத் தூக்கு பிள்ளே, பழகுன மாதிரியும் இருக்கும்," என்று மணியன் அண்ணன் பேலட்டில் ஏறிக்கொண்டார். தூக்கினேன். ஆடாமல் அசையாமல் நன்றாகவே தூக்கினேன். இரண்டு ஆள் உயரம். எனக்குப் பெருமையாக இருந்தது.

டியூப்புக்கு இன்னும் ஒரு முழம் இருந்தது. வண்டியை முன்னால் எடுக்கட்டுமா என்று கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் கையை நீட்டிவிட்டார்.

கீழே விழுந்தவருக்கு முறிந்தது இடுப்பெலும்பும் காலும். ஓடி வந்தவர்களிடம் வலியோடு வலியாக அவர் சொன்னது ஒன்றுதான்: "ஏணி... ஏணி வழுக்கிட்டு." என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவர் பொய் சொன்னார், நான் சும்மா இருந்தேன். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே நான் அந்த வேலையை விட்டேன். பிறகு முறையாகப் படித்துச் சான்றிதழ் வாங்கினேன். அவரைப் போய்ப் பார்க்கவே இல்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

"நான்தான் சார் தூக்குனேன். வண்டியில ஒரு குத்தமும் இல்ல. நான் தூக்குனதுலயும் குத்தமில்ல. அவரு கைய நீட்டுனாரு, அவ்வளவுதான். உங்கள நான் தூக்க மாட்டேன். பிஜுவும் தூக்கப்படாது. வேலைய விட்டுப் போவச் சொன்னா போறேன்."

சொல்லி முடித்தபோது என் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். மழைக்காலம் வந்தால் என் வீட்டுக்காரருக்குப் பெயிண்ட் வேலை இருக்காது. மகள் கல்லூரியில் இரண்டாம் வருஷம். இதெல்லாம் எனக்கு அந்த நிமிஷம் நன்றாக ஞாபகம் இருந்தது.

இரும்புப் படி

சார் பிஜுவின் பக்கம் திரும்பினார். கையை நீட்டினார். பிஜு மாற்றுச் சாவியை அதில் வைத்தான். சார் மீசையை எச்சில் தொட்டு ஒட்டிக்கொண்டார். குடையை வாங்கிக்கொண்டு மேடையின் ஓரத்துக்கு நடந்தார். அங்கே ஆட்கள் ஏறி இறங்க ஓர் இரும்புப் படிக்கட்டு உண்டு. ஆறே படிகள்.

மூன்று இலக்கத்து மனிதர், பட்டு வேட்டி தடுக்க, ஒரு கையில் கம்பியையும் ஒரு கையில் குடையையும் பிடித்துக்கொண்டு ஏறினார். ஒவ்வொரு படிக்கும் நின்று மூச்சு வாங்கினார். மேலே இருந்தவர்களுக்கு முதலில் குடை தெரிந்தது. அப்புறம் ஒரு நிமிஷம் ஒன்றும் இல்லை. பிறகு கிரீடம். மறுபடியும் ஒரு இடைவேளை. பிறகு கோணல் மீசை. கூட்டம் பைத்தியம் பிடித்ததுபோல் ஆர்ப்பரித்தது. வயிறு வந்து சேர்ந்தபோது எழுந்த கூச்சல் பைபாஸ்வரை கேட்டிருக்கும்.

பிஜு என் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். "சேச்சி," என்றான், "இது அதைவிட நல்லா வந்து, அல்லே?"

நான் அம்மிணியை ஓரமாக நிறுத்திச் சாவியை எடுத்துக்கொண்டேன். இலையில் உட்கார்ந்து சாப்பிட்டபோது சார் என் பக்கம் திரும்பவே இல்லை. மூன்று பாயசம் பரிமாறினார்கள். பாலடைப் பிரதமன் பாயசத்தை நான் வேண்டாம் என்று சொன்னது என் வாழ்நாளில் அன்றைக்கு மட்டும்தான்.

ஒரு சின்னக் கட்டம்

ஓண லீவு முழுக்க வீட்டில் எதையாவது உடைத்துக்கொண்டிருந்தேன். லீவு முடிந்த அன்று சார் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் என் ஃபைல் விரித்திருந்தது. என் விண்ணப்பத்தில் 'முன்பு விபத்து ஏதாவது' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று இருந்தது.

"இது ஆரு எழுதியது?"

"நான்தான் சார்."

"தமிழ் வரி எழுதியதும் நீதானே?"

"ஆமா சார்."

"அதில உண்மை. இதில கள்ளம்." பேனாவை என் பக்கம் தள்ளினார். "திருத்து."

'இல்லை' என்பதை அடித்தேன். 'ஒன்று' என்று எழுதிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். இவ்வளவு சின்ன வார்த்தையை எழுத எனக்கு அவ்வளவு நேரம் ஆகும் என்று நினைக்கவில்லை. சார் தாளை வாங்கிப் பார்த்தார். நிரந்தர வேலைக்கான கடிதம் அடியில் கிடந்தது. அதில் கையெழுத்துப் போடாமல் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"அந்த ஆள் இப்போ எவிடே?"

"அதே கடையிலதான்னு கேள்வி. வண்டி ஓட்டுததில்ல. கால் சரியா வரல."

"நீ போய்க் கண்டோ?"

"இல்ல சார்."

"இன்னைக்கு உச்சைக்கு மேல லீவு. போய்ட்டு வா. வந்து சொல்லு. பின்னே ஒப்புப் போடலாம்."

கையெழுத்து கிடைத்ததா என்று கவலைப்படுபவர்களுக்கு: மறுநாள் காலையிலேயே போட்டார். மஞ்சள் பலகைக்குப் புதிதாகப் பெயிண்டும் அடிக்கச் சொன்னார். பிஜு இப்போது வண்டியில் தொற்றுவதில்லை. தரையில் நடந்துகொண்டே பாடுகிறான், அது அதைவிடக் கொடுமையாக இருக்கிறது.

மணியன் அண்ணனின் நாற்காலி

சாலைக் கடைத்தெருவில் ஓணக் கூட்டம் வடிந்து தரையெல்லாம் வாடிய செவ்வந்தியாகக் கிடந்தது. கடையை நாலு முறை தாண்டிப் போய் நாலு முறை திரும்பி வந்தேன். ஐந்தாவது முறை உள்ளேயிருந்தே குரல் வந்தது.

"பிள்ளே ரோஸ்லின், நீ கடைக்கு வாறியா, கடைக்கு எல்லை கெட்டுதியா?"

மணியன் அண்ணன் ஒரு சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, சரக்கு வெளியே போவதற்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. தொந்தி வைத்திருந்தது. மேசைக்கு ஓரமாக ஒரு ஊன்றுகோல் சாய்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் நான் தயாரித்து வந்த பேச்செல்லாம் போய்விட்டது.

"அண்ணே, நான் எங்க சார்ட்ட எல்லாத்தயும் சொல்லிட்டேன்."

"என்னத்த?"

"டியூப் லைட்ட."

அவர் சட்டென்று முதலாளியின் அறைப் பக்கம் பார்த்தார். "சத்தம் போடாத," என்றார்.

நான் அழ ஆரம்பித்துவிட்டேன். "நான் தூக்குனதுனாலதானே அண்ணே. ஒரு வாட்டி வந்து பாக்கக்கூட இல்ல."

"வரல்லதான். அது எனக்கு வெசனம் உண்டு," என்றார். மறைக்காமல் சொன்னார். "ஆனா ஏறுனது நானாக்கும், கைய நீட்டுனதும் நானாக்கும். பெல்ட்டு போட்டு உள்ள இருந்த பிள்ளைய நான் என்ன சொல்ல?" எழுதி முடித்த சீட்டுகளைத் தட்டி அடுக்கினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இங்க மட்டும் சொல்லிராத, கேட்டியா? ஏணி வழுக்கிட்டுன்னு நம்பித்தான் முதலாளி எனக்கு இந்தக் கசேரயே போட்டாரு. அந்த ஏணிய அன்னைக்கே வெட்டி வெறகாக்கிட்டாரு. ஒரு பாவமும் செய்யாத ஏணி."

அழுகைக்கு நடுவே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். தொந்தி குலுங்க, சத்தம் வெளியே வராமல் சிரித்தார்.

அதன் பிறகு மாதம் ஒருமுறையாவது போய்ப் பார்க்கிறேன். இந்தத் தொடரில் இதை எழுதலாமா என்று போன தடவை போனபோது கேட்டேன். கிளம்பும் நேரம். வேண்டாம் என்று நான் சொல்லியும் கேட்காமல் என்னை வழியனுப்ப எழுந்து வந்தார். கடை வாசலில் ஒரே ஒரு படி. அதன் விளிம்பில் நின்று யோசித்தார்.

"எழுது. முதலாளி தமிழு நல்லாப் பேசுவாரு. வாசிக்கத் தெரியாது. படிச்சதெல்லாம் மலையாளம்லா."

சொல்லிவிட்டு ஊன்றுகோலைக் கீழே ஊன்றி, மறு கையால் என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அந்த ஒற்றைப் படியை அவர் இறங்கி முடிக்கும்வரை நான் அசையாமல் நின்றேன்.